வெளிநாட்டில் ஐபிஏ குடிக்கவும், குடித்ததை எழுதவும்: கேள்வி பதில்

வெளியூர் போன இடத்தில் நல்ல கிராஃப்ட் ஐபிஏவை, அதாவது சின்ன ஆலைகள் காய்ச்சுகிற 'இந்தியா பேல் ஏல்' என்ற கசப்பும் வாசனையும் தூக்கலான பீரை, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி ருசி பார்ப்பது, அடுத்தவருக்குப் பயன்படுகிற மாதிரி எப்படி ரிவ்யூ எழுதுவது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பீர் போட்டிகளில் நடுவராக உட்காரும் பழக்கம் எனக்கு உண்டு. வேலையாகப் போகிற ஊரிலெல்லாம் ப்ரூவரியை (பீர் காய்ச்சும் ஆலை) தேடிப் போவதும் வழக்கம். அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் வரும், ஏனென்றால் இன்று உலகம் முழுக்கக் குடிக்கிற ஐபிஏ அங்கே உருப்பெற்றதுதான்.

அண்ணா, முதல்முறையாகக் கலிஃபோர்னியா போகிறேன். இதுவரை நம் ஊர் சாதா பீரான லாகர் மட்டும்தான் குடித்திருக்கிறேன். ஐபிஏவை எதில் ஆரம்பிக்கட்டும்?

நேரே ஐபிஏவில் குதிக்காதீர்கள் தம்பி. முதல் நாள் சியரா நெவாடா பேல் ஏல் (ஐபிஏவை விட மென்மையான வெளிர்நிற பீர்) ஒன்று வாங்கிக் குடியுங்கள். சீக்கோ என்ற ஊரில் 1980-இல் ஆரம்பித்த ப்ரூவரி அது. 5.6 சதவீத ஆல்கஹால், எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற கொடிப் பூதான் ஹாப்ஸ். இந்த பீரில் இருக்கிற காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் ஆரிகன் மாநிலத்தில் உருவாக்கப்பட்டு 1972-இல் வெளிவந்தது. பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு பழம் விற்பார்களே, கிரேப்ஃபுரூட், அதன் தோலைக் கிள்ளினால் வரும் வாசனைதான் காஸ்கேடின் வாசனை. அமெரிக்க ஐபிஏ மொத்தமும் அந்த வாசனையிலிருந்து கிளம்பியதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 1975-இல் காஸ்கேடை வைத்து லிபர்டி ஏல் போட்டது. 2023-இல் ஆங்கர் மூடிவிட்டதால் அதைப் பரிந்துரைக்க முடியவில்லை.

பேல் ஏலில் அந்தத் தோல் வாசனையும் லேசான கசப்பும் பிடித்துவிட்டால், மறுநாள் 6, 7 சதவீதத்தில் ஒரு வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ (இனிப்பில்லாத, கசப்பு தூக்கலான கலிஃபோர்னியா பாணி). 8 சதவீதம் போல ஆல்கஹால் கூடிய டபுள் ஐபிஏ எல்லாம் அதற்கப்புறம்.

இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பும்போது கெட்டுப்போகாமல் இருக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டுக் கண்டுபிடித்ததுதான் ஐபிஏ என்று எல்லா பாரிலும் கதை சொல்கிறார்கள். நிஜமா சார்?

பாதி நிஜம். இந்தியாவுக்கு வந்தது நிஜம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே லண்டனின் கிழக்கே 'போ' என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரியின் பேல் ஏல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. கப்பல்கள் நிற்கும் துறைக்கு ப்ரூவரி பக்கம், அதோடு ஹாட்ஜ்சன் கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் கொடுத்தார். வியாபாரம் பிடிபட்ட காரணம் அதுதான்.

ஆனால் அதற்கென்று அவர் புதிதாக ஒன்றைக் 'கண்டுபிடித்தார்' என்பதற்கு ஆதாரம் கிடையாது. வெயில் காலத்துக்கும் தூரப் பயணத்துக்கும் ஹாப்ஸைக் கூட்டிப் போடுவது அன்றைய ப்ரூவர்களுக்குப் பழக்கமான விஷயம். அதே கப்பல்களில் கறுப்பு போர்ட்டர் பீரும் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஆடி ஆடி வந்ததில் பேல் ஏல் நன்றாக முதிர்ந்து இறங்கியது என்பதுதான் விசேஷம். 1820-களில் பர்ட்டன் ஊர் ப்ரூவர்கள், முதலில் ஆல்சாப், அப்புறம் பாஸ், இந்தச் சந்தைக்குள் வந்தார்கள். பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். ஜிப்சத்தில் இருக்கிற சல்ஃபேட் கூடினால் கசப்பு சுத்தமாக, இனிப்பு ஒட்டாமல் உலர்ந்து நிற்கும். இன்றும் வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ போடுகிறவர்கள் தண்ணீரில் ஜிப்சம் சேர்ப்பது அதற்காகத்தான். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் 1829-இல் ஒரு சிட்னி பத்திரிகை விளம்பரத்திலேயே வந்துவிட்டது. பீர் வரலாற்றாளர் மார்ட்டின் கார்னல் இதையெல்லாம் பழைய பத்திரிகைகளைத் தோண்டி நிறுவியவர்.

டேப்ரூமுக்குள் (ப்ரூவரியே நடத்துகிற பார்) போனால் பலகையில் இருபது முப்பது பெயர் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பெயர், படம், பரிசு, ஆல்கஹால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: எது புதுசு? "இந்த வாரம் குழாயில் மாட்டிய ஐபிஏ எது? இங்கே வேகமாகத் தீருகிற ஐபிஏ எது?" இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம்.

ஐபிஏவின் உயிர் ஹாப்ஸ் எண்ணெயில் இருக்கிறது. மிர்சீன், லினலூல், ஜெரானியால் என்று எளிதில் ஆவியாகிற, ஆக்சிஜன் பட்டால் உருமாறுகிற பொருட்கள் அவை. காய்ச்சும்போது போட்ட ஹாப்ஸ் கசப்பைக் கொடுக்கும். நொதித்த பிறகு குளிர்ந்த பீரில் போட்டு ஊறவைக்கிற ஹாப்ஸ்தான் வாசனையைக் கொடுக்கும். இதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். இரண்டில் முதலில் போவது வாசனை. கசப்பும் மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பும் மட்டும் மிஞ்சினால் அந்தப் பீர் பழையதாகிவிட்டது.

ப்ரூவர்கள் 3-30-300 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பீரை 32 டிகிரி வெயிலில் 3 நாள் வைப்பதும், 22 டிகிரி அறையில் 30 நாள் வைப்பதும், 3 டிகிரி ஃபிரிட்ஜில் 300 நாள் வைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு கிழடாக்கும். தோராயமான கணக்குதான், ஆனால் மனதில் பதிய வேண்டிய கணக்கு. கடையில் கேன் வாங்கினால் அடியைத் திருப்பிப் பாருங்கள். அடைத்த தேதி போட்டிருந்தால் நல்லது. 'இதற்குள் குடிக்கவும்' என்ற தேதி மட்டும் இருந்தால் எப்போது அடைத்தார்கள் என்று தெரியாது, ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒவ்வொரு ப்ரூவரிக்கும் ஒரு கணக்கு. ஃபிரிட்ஜில் இருந்த, அடைத்து ஒரு மாதத்துக்குள்ளான கேன் என்றால் நான் தயங்காமல் வாங்குவேன். மூன்று மாதம் தாண்டி அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நிற்பதைத் தொட மாட்டேன், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

சான் டியேகோவின் ஸ்டோன் ப்ரூவரி 2012-இல் இதையே பீரின் பெயராக வைத்தது. 'என்ஜாய் பை' என்று போட்டு அதற்குக் கீழே ஒரு தேதி. அடைத்து 37 நாளில் அந்தத் தேதி வந்துவிடும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே அமெரிக்க ஐபிஏ எல்லாம் கிடைக்கிறது, விலைதான் தாறுமாறு. வாங்கலாமா?

குளிரூட்டிய கன்டெய்னரில் வந்ததா என்று கடைக்காரரால் சொல்ல முடிந்தால், தேதியும் சரியாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு உள்ளூரில் காய்ச்சுகிற ப்ரூவரி ஒன்றில் போய் டிராஃப்ட், அதாவது குழாயிலிருந்து பிடிக்கிற பீர், குடிப்பது உத்தமம். புருவெர்க்ஸ் 1997-லிருந்து அங்கே காய்ச்சுகிறது. சாதாரணமான புது ஐபிஏ, புகழ்பெற்ற பழைய ஐபிஏவை எப்போதும் ஜெயிக்கும்.

ருசி பார்ப்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்? வைன்காரர்கள் மாதிரி துப்ப வேண்டுமா?

துப்ப வேண்டாம். பீரின் கசப்பு முழுதாகத் தெரிவது விழுங்கிய பிறகுதான், நடுவர்களும் விழுங்கித்தான் பார்ப்பார்கள்.

கிளாஸ் முதலில். ஃபிரீசரில் வைத்த பனி ஒட்டிய கிளாஸைக் கொண்டுவந்தால் சாதா கிளாஸ் கேளுங்கள். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். ஐபிஏவுக்கு 7-லிருந்து 10 டிகிரி போதும். கிளாஸின் உள்பக்கம் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். மாற்றித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பீர் வந்தவுடன் வாயில் வைக்காதீர்கள். நுரை அடங்குவதற்குள் மூக்கை உள்ளே விட்டு இரண்டு முறை சின்னதாக முகருங்கள். முதல் மோப்பத்தில் தோன்றுகிற முதல் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறகு வெளிச்சத்தில் பிடித்து நிறம், தெளிவு, நுரை பார்க்க வேண்டும். அப்புறம் வாய் நிறைய ஒரு மடக்கு. சும்மா நக்கிப் பார்த்தால் கசப்பும் உடலும் (வாயில் தெரிகிற கனம்) தெரியாது. விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஹாப்ஸின் பாதி ருசி அந்த மூச்சில்தான் இருக்கிறது. கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று பொறுத்துப் பாருங்கள். கிளாஸ் பாதியானதும், கொஞ்சம் சூடேறியதும், இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். குறை உள்ள பீர் அப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

பல பீர் பார்ப்பதாக இருந்தால் 'ஃபிளைட்' என்று கேட்டால் 120, 150 மில்லி அளவுக் கிளாஸ்களில் வரிசையாகத் தருவார்கள். ஆல்கஹாலும் கசப்பும் குறைந்ததிலிருந்து கூடினதுக்குப் போகவும். நடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும். நான்காவது ஐபிஏவுக்கு மேல் நாக்கு சொல்வதை நான் எழுதி வைப்பதில்லை.

வாசனையை எழுதும்போது எல்லோரும் பைன், பாஷன் ஃப்ரூட், லிச்சி என்கிறார்கள். எனக்கு அதெல்லாம் பழக்கமே இல்லை. எப்படி எழுதுவது?

உங்கள் மூக்குக்குப் பழகியதை எழுதுங்கள். சாத்துக்குடித் தோலா, கமலா ஆரஞ்சா, நார்த்தங்காயா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு 'சிட்ரஸ்' என்ற ஒற்றைச் சொல் எதற்கு? மாம்பழம் என்றால் எந்த மாம்பழம், பழுத்ததா, காம்படியில் பால் வடிகிற காயா என்று எழுதுங்கள். சிட்ரா என்ற ஹாப்ஸில் எனக்கு எப்போதும் கொய்யாவும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்து வரும். மொசெய்க்கில் பழுத்த பழத்தோடு லேசான வெங்காய வாடையும் சில சமயம் உண்டு. சிம்கோ, சினூக், கொலம்பஸ் இவற்றில் வருகிற பைன் பிசின் வாசனைக்குக் கொடைக்கானல் பைன் காட்டில் நடந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நியூசிலாந்து நெல்சன் சாவின் கிடைத்தால் விடாதீர்கள். பச்சைத் திராட்சையும் நெல்லிக்காய்ப் புளிப்பும் கலந்த வாசனை, வேறு எந்த ஹாப்ஸிலும் அது கிடையாது.

எழுதக்கூடாத சொற்கள் 'சூப்பர்', 'ஸ்மூத்', 'செம கிக்'. படிப்பவருக்கு அவற்றிலிருந்து எதுவும் கிடைக்காது.

ஐபியு எண் பெரிதாக இருந்தால் கசப்பும் அதிகம்தானே? எனக்குக் கசப்பே ஆகாது, 40-க்குக் கீழே பார்த்து வாங்கினால் சரியா?

அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு லிட்டர் பீரில் எத்தனை மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் என்பதுதான் ஏறக்குறைய அந்த எண். நாக்குக்குத் தெரிகிற கசப்பு, பீரில் மிஞ்சிய இனிப்பையும் பொறுத்தது. 70 எண் உள்ள, மால்ட் இனிப்பு நிறைந்த டபுள் ஐபிஏ, 45 எண் உள்ள எலும்பாய் உலர்ந்த வெஸ்ட் கோஸ்டை விட மென்மையாகத் தெரியலாம். பல ப்ரூவரிகள் பலகையில் போடுவது அளந்த எண்ணே கிடையாது, சமையல் குறிப்பிலிருந்து கணக்குப் போட்டது.

கசப்பு எவ்வளவு என்பதை விட எப்படி முடிகிறது என்று பாருங்கள். பாகற்காய்ப் பொரியலை மென்ற பிறகு அடிநாக்கில் ஒட்டிக்கொண்டே இருக்குமே, அப்படி ஒட்டினால் அது நல்ல ஐபிஏ கசப்பு அல்ல. நன்றாகப் போட்டதில் கசப்பு சட்டென்று எழும்பி, வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த மடக்கைக் கேட்க வைக்கும். கசப்பே ஆகாது என்பவர்கள் கலங்கலாக, பழ மணத்தோடு வருகிற ஹேசி ஐபிஏவில் ஆரம்பிக்கலாம்.

ஹேசி என்று ஒன்று கொடுத்தார்கள், ஆரஞ்சு ஜூஸ் மாதிரி கலங்கலாக இருந்தது. கெட்டுப்போன பீரா?

இல்லை, அந்த வகையே அப்படித்தான். வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற சின்ன ஊரில் ஜான், ஜென் கிம்மிக் தம்பதி 2003-இல் 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற பப் திறந்தார்கள். அங்கே பிறந்த ஹெடி டாப்பர் என்ற 8 சதவீத டபுள் ஐபிஏதான் இந்த வகைக்கு முன்னோடி. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளத்தில் பப் அழிந்தது. ஆனால் கேன் அடைக்கும் கூடம் தனி இடத்தில் தயாராக இருந்ததால், அடுத்த சில நாளிலேயே ஹெடி டாப்பர் கேனில் வெளிவந்தது. இப்போது ஸ்டோ என்ற ஊரில் இருக்கிற அவர்களுடைய ப்ரூவரிக்குப் போய் வாங்கலாம்.

கலங்கலுக்குக் காரணம், ஓட்ஸும் கோதுமையும் தருகிற புரதம், ஹாப்ஸில் இருக்கிற பாலிஃபீனால் என்ற பொருள், பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் இவை சேர்ந்து மிதப்பது. கொதிக்கும்போது ஹாப்ஸ் குறைவு, அடுப்பை அணைத்த பிறகும் நொதித்த பிறகும் ஏராளம். தண்ணீரில் சல்ஃபேட்டுக்குப் பதில் குளோரைடு கூடுதல், அதனால் வாயில் வழுவழுப்பு. போட்டிகளில் இதற்குத் தனி வகுப்பு வந்தது 2018 வாக்கில்தான்.

ஹேசியில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் பட்டால் மற்ற ஐபிஏவை விட வேகமாகக் கெடும். இளமஞ்சள் நிறம் போய்ச் சாம்பலும் பழுப்புமாக மாறிவிடும், ஊற்றும்போதே கண்டுபிடித்துவிடலாம். நேர்மாறாக, நேற்று அடைத்த ஹேசியில் ஹாப்ஸ் துகள் இன்னும் படியாமல் தொண்டையைக் கரகரவென்று அறுக்கும். அப்படி இருந்தால் அந்தக் கேனை இரண்டு வாரம் ஃபிரிட்ஜில் விட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

ஹெடி டாப்பர் கேனிலேயே 'கேனிலிருந்து குடி' என்று போட்டிருக்கிறதே. கிளாஸில் ஊற்றாமல் எப்படி ரிவ்யூ எழுதுவது?

ஊற்றினால் ஹாப்ஸ் வாசனை பறந்துவிடும் என்பது கிம்மிக்கின் வாதம். அவர் பீர், அவர் சொல்கிறார், மரியாதைக்கு முதல் பாதியைக் கேனிலிருந்தே குடியுங்கள். மீதிப் பாதியைக் கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். என் கருத்து, கிளாஸில்தான் அதன் வாசனை நன்றாகத் தெரிகிறது. கேனில் குடிக்கும்போது மூக்குக்கு வேலையே இல்லை. இரண்டையும் ரிவ்யூவில் தனித்தனியாக எழுதுங்கள்.

அண்ணா, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஞாயிறு மட்டும் கிடைக்கிறது. ப்ளைனி தி எல்டர் என்ற டபுள் ஐபிஏ குடிக்க சான்டா ரோசா வரை போவது தகுமா? கார் கிடையாது.

தகும், தாராளமாகப் போங்கள். கார் இல்லாததும் நல்லதுதான். ஃபெரி பில்டிங்கிலிருந்து லார்க்ஸ்பர் படகு பிடியுங்கள். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்மார்ட் ரயில் நிலையம். அந்த ரயில் சான்டா ரோசா டவுன்டவுனில் இறக்கிவிடும். அங்கிருந்து நான்காவது தெருவில் இருக்கிற ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் பப்புக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலும் படகும் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வின்னி சிலுர்சோ என்ற ப்ரூவர் 1994-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் டெமெக்குலா ஊரில் டபுள் ஐபிஏ என்ற சங்கதியையே ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர். பிறகு ரஷ்யன் ரிவரில் அவர் செய்ததுதான் ப்ளைனி. ஹாப்ஸைப் பற்றி எழுதியதாகச் சொல்லப்படுகிற ரோமானிய அறிஞரின் பெயர். சிம்கோ, சென்டெனியல், அமரில்லோ, அதோடு கொலம்பஸ் வகை ஹாப்ஸ். 8 சதவீதம் இருந்தும் கனக்காமல் இருப்பதற்குக் காரணம், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து உடலை ஒல்லியாக்குவது. ஸைமர்ஜி என்ற வீட்டு ப்ரூவர்களுக்கான அமெரிக்க இதழின் வாசகர் வாக்கெடுப்பில் 2009-லிருந்து 2016 வரை தொடர்ந்து முதலிடம். பாட்டில் லேபிளின் ஓரம் முழுக்க 'புதிதாகக் குடி, சேர்த்து வைக்காதே' என்ற பொருளில் வரிகள் ஓடும். அந்த லேபிள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கே எழுதிய என் குறிப்பை மாதிரிக்குத் தருகிறேன்:

"ப்ளைனி தி எல்டர், 8%. சான்டா ரோசா பப், டிராஃப்ட். மதியச் சாப்பாட்டுக்கு முன், நாளின் முதல் பீர். வெளிர் செம்பொன், விரல் தெரிகிற அளவு தெளிவு. வெள்ளை நுரை, கிளாஸ் சுவரில் வளையம் வளையமாகத் தங்குகிறது. முதல் மோப்பம்: அறுத்த பைன் கட்டை. பிறகு கமலாத் தோல், அடியில் லேசான பச்சைப்புல். மால்ட் பிஸ்கட் அளவுக்கு மட்டும். கசப்பு உடனே வருகிறது, நடுநாக்கில் நேராக நிற்கிறது, விழுங்கிச் சில நொடியில் சுத்தமாக விலகுகிறது. ஆல்கஹால் தொண்டையில் தெரியவில்லை, காதோரச் சூட்டில் பிறகு தெரிகிறது. பாதிக் கிளாஸில் பைன் இறங்கிப் பழம் மேலே வருகிறது. குறை: எதுவும் காணவில்லை. இன்னொன்று கேட்பேனா: கேட்பேன், ஆனால் கேட்கக் கூடாது."

கடைசி வரிக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க பைண்ட் 473 மில்லி. அதில் 8 சதவீதம் என்றால், நம் ஊர் 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத லாகர் முழுதாகக் குடித்ததை விட அதிக ஆல்கஹால். ஒன்று குடித்து, பீட்சா ஒன்று சாப்பிட்டு, மெதுவாக ரயிலேறுங்கள்.

மார்ச் கடைசியில் போகிறவர்களுக்கு: அப்போது இரண்டு வாரம் மட்டும் ப்ளைனி தி யங்கர் என்ற டிரிபிள் ஐபிஏ ஊற்றுவார்கள், வரிசை தெருவைச் சுற்றும். ஒரு நாள் மட்டும் கையில் இருப்பவர் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுவது? ஆப்பில் எல்லாவற்றுக்கும் 4.25 போட்டு வைத்திருக்கிறேன்.

நடுவர்கள் பயன்படுத்துகிற பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்று தருகிற அமைப்பு) தாளில் மொத்தம் 50: வாசனை 12, தோற்றம் 3, ருசி 20, வாயில் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். அன்டாப்ட் என்ற பீர் மதிப்பெண் ஆப்பில் மக்கள் அழகான கேனுக்கும் அரிதாகக் கிடைத்ததற்கும் புள்ளியை ஏற்றிவிடுகிறார்கள். ஆல்கஹால் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுகிறது. 4.8 சதவீதத்தில் அருமையாகச் செய்த பேல் ஏலுக்கு 3.5தான் கிடைக்கிறது, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். சின்ன பீரை நன்றாகச் செய்வது கடினம், குறையை ஒளிக்க அதில் இடமில்லை.

எண்ணை விட முக்கியமானது, எண்ணுக்கு மேலே எழுதுகிற ஒரு வரி. எந்த ஊர், டிராஃப்டா கேனா, அடைத்த தேதி என்ன, அது நாளின் எத்தனையாவது பீர். இந்த நான்கும் இல்லாத ரிவ்யூவை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு விமான நிலைய பாரில் அட்டைப்பெட்டி வாடையோடு வந்த ஐபிஏவையே அதன் ப்ரூவரியில் குடித்தபோது மாம்பழமாக மணத்தது. இரண்டும் ஒரே பெயர், ஒரே சமையல் குறிப்பு. தேதி எழுதாமல் விட்டிருந்தால் என் இரண்டு ரிவ்யூவில் ஒன்று அந்த ப்ரூவருக்குச் செய்த அநியாயமாக இருந்திருக்கும்.

பீரில் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் வரும் நாற்றம் வெளிச்சத்தால் வந்தது. ஹாப்ஸ் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தக நாற்றமடிக்கிற பொருளாகும். பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், கேன் முழுதாகத் தடுக்கும். வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் மணம் டையசெட்டில் என்ற பொருளால் வருவது. டிரை ஹாப்ஸில் இருக்கிற நொதிகள் மிஞ்சிய மாவுச்சத்தை உடைத்து மறுபடி நொதிக்க வைப்பதால் ஐபிஏவில் இது அடிக்கடி வரும். அதே மணத்தோடு காடிப் புளிப்பும் சேர்ந்து வந்தால் குற்றம் பெரும்பாலும் பாரின் குழாயில். பீர் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர் சங்கத்தின் வழிகாட்டுதல்.

கூச்சப்படாதீர்கள். இரண்டு மடக்குக்குள், கிளாஸ் நிறைய இருக்கும்போதே, "இதில் வெண்ணெய் மணம் வருகிறது, நீங்களும் கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். நல்ல டேப்ரூமில் அவர்களே ருசி பார்த்துவிட்டு மாற்றித் தருவார்கள்.

நான் தனியாகப் பயணம் போகிற பெண். டேப்ரூமில் தனியாக உட்கார்ந்து குறிப்பெழுதலாமா அண்ணா?

தாராளமாக, தங்கச்சி. டேப்ரூம் பெரும்பாலும் குழந்தைகளோடு குடும்பமாக வருகிற இடம், இருட்டு பார் மாதிரி இருக்காது. மதியம் திறக்கிற நேரத்தில் போங்கள். கூட்டம் இருக்காது, பரிமாறுகிறவர்களுக்குப் பேச நேரம் இருக்கும், நாக்கும் தெளிவாக இருக்கும். மேஜையை விட்டுவிட்டு கவுன்டரில் உட்காருங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், 21 வயது ஆகிவிட்டதா என்று எந்த வயதுக்காரரிடமும் கேட்பார்கள், நம் ஊர் லைசென்ஸைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கிளாஸுக்கு ஓரிரு டாலர் டிப்ஸ் வைப்பது அங்கே எதிர்பார்க்கப்படுகிற விஷயம்.

லண்டன் போகிறேன். அங்கேயும் இதே ஐபிஏதானா?

இரண்டும் கிடைக்கும். ஆனால் இங்கிலாந்து வரை போய் அமெரிக்கப் பாணியையே குடிக்காதீர்கள், கைப்பம்பில் இறைக்கிற காஸ்க் ஏல் (பீப்பாயிலேயே நொதித்து முதிர்கிற பீர்) குடியுங்கள். 11, 12 டிகிரியில், குமிழி குறைவாக, மிருதுவாக வரும். "சூடான, சப்பென்ற பீர்" என்று முதல் மடக்கில் முகம் சுளிக்க வேண்டாம், அது அப்படித்தான் பரிமாறப்பட வேண்டும். டெர்பிஷையரின் தோர்ன்பிரிட்ஜ் ப்ரூவரி 2005-லிருந்து செய்கிற ஜெய்ப்பூர் என்ற 5.9 சதவீத ஐபிஏ காஸ்கில் கிடைத்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். தேன் மாதிரி ஆரம்பித்துக் கசப்பில் முடியும். காஸ்க் திறந்தால் மூன்று நாளில் தீர்க்க வேண்டும், அதனால் கூட்டம் வருகிற பப்பாகப் பாருங்கள்.

கூடச் சாப்பிட என்ன வாங்கலாம்? காரம் ஒத்துப்போகுமா?

கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிக் காட்டும். காரம் ஏறுவது பிடித்தவர்களுக்குச் சரி, ஆனால் பீரின் வாசனை அதில் காணாமல் போய்விடும். ரிவ்யூ எழுதப் போகிறீர்கள் என்றால் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடியுங்கள். அப்புறம் முதிர்ந்த செடார் சீஸ், பொரித்த மீன், பீட்சா எதுவும் நன்றாகவே போகும்.

ஊருக்கு நாலு கேன் எடுத்து வரலாமா? வழியில் வெடிக்காதா?

வெடிக்காது. விமானத்தின் சரக்குப் பகுதியிலும் காற்றழுத்தம் சீராகத்தான் இருக்கும். செக்-இன் பெட்டியில், ஒவ்வொரு கேனையும் ஜிப் பையில் போட்டு, துணிக்கு நடுவில் வையுங்கள். கைப்பையில் அனுமதி கிடையாது. இந்தியாவுக்குள் வரி இல்லாமல் 2 லிட்டர் மதுவகை கொண்டு வரலாம். 473 மில்லி கேன் நான்கு என்றால் 1.9 லிட்டருக்குள் அடங்கிவிடும். கிளம்பும் முன் சுங்கத்துறை விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேனைப் பயணத்தின் கடைசி நாளில் வாங்குங்கள், ஹோட்டல் ஃபிரிட்ஜிலேயே வைத்திருங்கள், வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து முதல் வேலையாக ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பண்டிகைக்கென்று எடுத்து வைக்காமல், வந்த முதல் வாரத்திலேயே நண்பர்களைக் கூப்பிட்டுத் திறந்துவிடுங்கள்.